கணக்கில் வராத வலி

மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்தசௌர் பக்கமும் ராஜஸ்தானின் சித்தோர்கர் பக்கமும் மாசி மாதவாக்கில் போனால், வெள்ளைப் பூ உதிர்ந்து பச்சைக் காய் தூக்கி நிற்கும் வயல்களைப் பார்க்கலாம். பிற்பகலில் காயின் தோலை மட்டும் பல முனைக் கத்தியால் மெல்லக் கீறிவிடுகிறார்கள். இரவெல்லாம் கசிந்த பால், காலையில் பழுப்புப் பிசினாகக் காயிலேயே ஒட்டி நிற்கும். அதை வழித்துச் சேர்த்தால் அபின். பிறகு காய் உலர்ந்ததும் உடைத்து உதிர்ப்பதுதான் நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றுகிற கசகசா. குவாலியரைத் தலைமையகமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் துறை உரிமம் கொடுத்த உழவரைத் தவிர வேறு யாரும் இதைப் பயிரிட முடியாது. பிசின் முழுவதையும் அரசே எடைபோட்டு வாங்கிக்கொள்கிறது. காஸிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகளில் அதிலிருந்து மார்ஃபினையும் கோடீனையும் பிரித்தெடுக்கிறார்கள். அபின் பிசினைச் சட்டப்படி எடுத்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரே நாடு இந்தியா.

விவசாயத்திலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. ஒரு மருந்து ஏழைகளுக்குக் கிடைக்கவில்லை என்றால் வழக்கமாகச் சில சமாதானங்கள் சொல்லப்படும்: வெளிநாட்டுச் சரக்கு, காப்புரிமை யாரிடமோ இருக்கிறது, விலை கட்டுப்படியாகாது. மார்ஃபின் விஷயத்தில் இவற்றில் எதுவும் செல்லாது. செடி நம்முடையது, ஆலை அரசினுடையது. அபினிலிருந்து இந்த மருந்தைப் பிரித்தெடுக்கும் வழியை செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய இளைஞர் கண்டுபிடித்து 200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். இருந்தும், புற்றுநோய் முற்றி எலும்பில் இறங்கிய ஒருவர் பெட்ரோலுக்கும் வாடகைக் காருக்கும் கடன் வாங்கிக்கொண்டு அதே மாத்திரைக்காக மாவட்டம் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. இது ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மருத்துவ அமைப்பில் கொடுத்த மார்ஃபினுக்குக் கணக்கு இருக்கிறது, கொடுக்காமல் விட்ட மார்ஃபினுக்குக் கணக்கு இல்லை. மற்ற தடைகள் எல்லாம் இந்த ஒருபக்கக் கணக்கிலிருந்து கிளைத்தவை, அல்லது அதனால் உயிர் பிழைத்திருப்பவை.

வலி எவ்வளவு என்பதைப் பார்ப்போம். 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினருக்கு வலி இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களிலேயே 55 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலோர் கட்டி பெரிதான பிறகே மருத்துவமனைப் படியேறுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இந்த வலிக்கு என்ன செய்வது என்பதில் மருத்துவ உலகுக்குப் பெரிய குழப்பம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படிகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டது. லேசான வலிக்குப் பாரசிட்டமால் வகை, நடுத்தர வலிக்குக் கோடீன் போன்ற மென்மையான ஓபியாய்டு (அபின் வகை மருந்து), கடும் வலிக்கு மார்ஃபின். ஊசி வேண்டாம், வாய்வழியே போதும். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம், கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை நம்பி ஜெர்மனியில் 2,118 நோயாளிகளைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1995இல் வந்தது. 76 விழுக்காட்டினருக்கு நல்ல நிவாரணம், 12 விழுக்காட்டினருக்கு ஓரளவு. மீதி 12 விழுக்காட்டினருக்குப் போதவில்லை. அந்தப் பன்னிரண்டை மறைக்காமல் சொன்னதாலேயே அந்த எழுபத்தாறை நான் நம்புகிறேன்.

எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த மருந்தைப் பற்றிய பயத்தில் பாதி, கொடுக்கத் தெரியாமல் கொடுப்பதிலிருந்து வருகிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆகவே காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வேளை குறிப்பார்கள். இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு கொடுப்பது வழக்கம், நடுநிசி 2 மணிக்கு நோயாளியும் எழ வேண்டாம், பார்த்துக்கொள்கிறவரும் எழ வேண்டாம் என்பதற்காக. 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி, வலி அடங்கும்வரை படிப்படியாக ஏற்றுவார்கள். இடையில் குத்தி எழும் வலிக்குத் தனியாக ஒரு வேளை கைவசம் கொடுத்து வைப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் தள்ளும், குமட்டும், பிறகு தெளிந்துவிடும். தெளியாதது மலச்சிக்கல். மார்ஃபின் எழுதும் கையே அதே சீட்டில் மலமிளக்கியும் எழுதியாக வேண்டும். எழுத மறந்தால் ஐந்தாம் நாள் வயிறு உப்பி, "இந்த மாத்திரைதான் காரணம்" என்று வீட்டார் மார்ஃபினையே நிறுத்திவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதானே. சிறுநீரகம் கெட்டவருக்கு மருந்தின் கழிவு உடலில் தங்கிவிடும் என்பதால் அளவையும் இடைவெளியையும் மாற்ற வேண்டும். இதெல்லாம் ஒரு பொது மருத்துவர் சில நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஆனால் நம் சீட்டுகளில் காண்பது வேறு. நாள் முழுக்க அறுக்கிற வலிக்கு 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதி, அதாவது வலி வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி, டிரமடால் கொடுத்தனுப்புவது.

நடுப்படி மருந்தான டிரமடாலைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ஃபின் வாங்கி வைப்பது தொல்லை என்பதால் நம் மருத்துவமனைகள் நடுப்படியிலேயே நின்றுவிடுகின்றன. நடுத்தரப் புற்றுநோய் வலிக்கு நேரடியாகக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்தால் என்ன என்று இத்தாலியில் 240 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. மார்ஃபின் பெற்றவர்களில் 88 விழுக்காட்டினருக்கு வலி கணிசமாகத் தணிந்தது, மென்மையான ஓபியாய்டு பெற்றவர்களில் 58 விழுக்காட்டினருக்குத்தான் தணிந்தது. பக்க விளைவுகளில் பெரிய வேறுபாடு இல்லை. நடுப்படியில் நிற்பதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டால், பெரும்பாலும் எழுதுகிறவருக்கு.

எழுதுகிறவரின் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது கடத்தலை ஒடுக்குவதே அதன் நோக்கம். அப்போது பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு. மருத்துவத்துக்கு வழி விட்டிருந்தாலும் அந்த வழி மாநில விதிகளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வெவ்வேறு துறைகளிடம் நான்கைந்து உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டியிருந்தது. கடைசி உரிமம் கைக்கு வரும்போது முதல் உரிமம் காலாவதியாகியிருக்கும். விளைவு, நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பன்னிரண்டு ஆண்டுகளில் 97 விழுக்காடு சரிந்தது. 1997இல் இந்தியா முழுவதற்கும் 18 கிலோ. கடத்தல்காரர் ஒருவர்கூட இந்தச் சரிவால் நட்டப்பட்டிருக்க மாட்டார், அவர் மாத்திரைப் பட்டையில் வியாபாரம் செய்பவர் அல்லர். இத்தனைக்கும், 1961ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கை தன் முன்னுரையிலேயே இரண்டையும் சொல்லியிருந்தது: இந்த மருந்துகளின் தீங்கைத் தடுக்க வேண்டும், வலி தீர்க்க இவை இன்றியமையாதவை என்பதால் போதிய அளவு கிடைக்கவும் செய்ய வேண்டும். நாம் முதல் பாதியைச் சட்டமாக்கினோம். இரண்டாம் பாதிக்கு மேலும் 29 ஆண்டுகள் ஆயின.

2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நோய்த் தணிப்பு (பாலியேட்டிவ்) மருத்துவர்கள் பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கும் அமைச்சகத்துக்கும் நடந்ததன் பலன் அது. 2015 விதிகளின்படி மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இன்றியமையாப் போதை மருந்துகள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே ஒரு மருத்துவமனையை அங்கீகரிக்கலாம். நான்கைந்து உரிமங்களின் காலம் தாளில் முடிந்தது. 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட கணக்கில், கடும் துன்பத்தில் இருக்கும் ஓர் இந்திய நோயாளிக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 43 மில்லிகிராம் மார்ஃபினுக்கு இணையான மருந்து, அதாவது தேவையில் 4 விழுக்காடு. 43 மில்லிகிராம் என்பது கடும் வலிக்காரர் ஒருவருக்கு ஒரு நாள் காணாது. இது திருத்தத்துக்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் சட்டம் மாறியதும் அலமாரிகள் நிரம்பிவிடவில்லை. அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது, விண்ணப்பிக்க வேண்டும் என்று எந்த மருத்துவமனையையும் கட்டாயப்படுத்தவில்லை.

இங்கேதான் என் வாதத்தின் நடுமுடிச்சு. மார்ஃபின் வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். இரட்டைப் பூட்டு, அதற்கென ஒரு பேரேடு, நோயாளி பெயர், வந்தது, போனது, மிச்சம், கையெழுத்து, ஆண்டுக் கணக்கு. இவையெல்லாம் வேண்டியவையே, நான் குறை சொல்லவில்லை. பத்து மாத்திரை கணக்கில் இடித்தால் அந்தப் பொறுப்பாளர் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது மார்ஃபினே வாங்காத பக்கத்து மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். அங்கே பேரேடு இல்லை, பூட்டு இல்லை, ஆய்வுக்கு வருவோரும் இல்லை. முதுகெலும்பில் புற்று பரவிய நோயாளி இரவெல்லாம் உட்கார்ந்தபடியே விடிய வைத்துவிட்டு வீடு திரும்பினால், அது எந்தத் தாளிலும் விழாது. முதல் மருத்துவமனைக்கு அபாயம் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. இப்படி ஓர் ஏற்பாட்டில் நிர்வாகிகள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு அவர்களின் இரக்கத்தை அளந்து பார்க்க வேண்டியதில்லை. நல்லவர்களும் வாங்காமல் இருப்பார்கள். மருத்துவர்களுக்குக் கருணை போதாது என்று மேடைதோறும் சொல்லப்படுவது எனக்கு உடன்பாடில்லை. கருணையைக் கணக்குப் பிள்ளை வேலைக்கு அமர்த்த முடியாது.

இனி மறுப்புகள். அடிமையாகிவிடுவார்கள் என்பது முதலாவது. இரண்டு நிலைகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பல வாரம் மார்ஃபின் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம் வரும். இது உடலின் பழக்கம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் உடல் தள்ளாடத்தான் செய்கிறது. படிப்படியாகக் குறைத்தால் தீர்ந்தது. போதை நோய் என்பது வேறு. கெடுதல் என்று தெரிந்தும் அடக்க முடியாமல் தேடிப் போவது, குடும்பத்தையும் வேலையையும் விட்டுத் தேடுவது. வலிக்காகச் சரியான அளவில் மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளி பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் போகிறார். தூங்குகிறார், சாப்பிடுகிறார், பேரனோடு பேசுகிறார். 'பெரும்பாலும்' என்ற சொல்லை நான் தெரிந்தேதான் போடுகிறேன். புற்றுநோய் வந்துவிட்டதால் ஒருவருக்குப் போதை நோய் வராது என்று யாரும் வரம் தரவில்லை. முன்பே குடி, போதைப் பழக்கம் இருந்தவர்களிடமும், நோய் குணமாகிப் பல்லாண்டு வாழப்போகிறவர்களிடமும் கூடுதல் கவனம் வேண்டும், அளவைக் குறைத்து நிறுத்தவும் திட்டம் வேண்டும்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். 1980இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் சில வரிக் கடிதம் ஒன்று வந்தது. மருத்துவமனையில் போதை மருந்து பெற்ற 11,882 பேரில் முன்பழக்கம் இல்லாமல் அடிமையானவர்கள் நான்கு பேர் என்றது. உள்நோயாளிகளுக்கு, கண்காணிப்பில் கொடுத்ததைப் பற்றிய குறிப்பு அது. அதை எடுத்து, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் வீட்டில் கொடுத்தாலும் நூற்றில் ஒருவர்கூட அடிமையாக மாட்டார் என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லத் தொடங்கினார்கள். 1996இல் பர்டியூ நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தது. அதைத் தவறாக விளம்பரப்படுத்தியதாக 2007இல் அந்நிறுவனத் தரப்பு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பின்னாளில் கள்ளச்சந்தை ஹெராயினும் ஃபென்டனிலும் சேர்ந்துகொள்ள, 2021இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். இந்தக் கேட்டைச் சிறிதாக்கிப் பேசுவது வலி நிவாரணத்துக்கு நன்மை செய்யாது. ஆனால் அதிலிருந்து கற்க வேண்டியது என்ன? அதே லான்செட் ஆணையத்தின் கணக்கில் அமெரிக்கர்களுக்குப் போனது தேவையைப் போல முப்பது மடங்குக்கும் மேல். நமக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு. அங்கேயும் எழுதப்பட்ட கணக்கு விற்பனைக் கணக்கு மட்டுமே, நோயாளி என்ன ஆனார் என்ற பத்தி காலியாக இருந்தது. அவர்களே விழித்துக்கொண்டு 2016இல் கட்டுப்பாட்டு வழிகாட்டி எழுதியபோதும், புற்றுநோய்ச் சிகிச்சையையும் நோய்த் தணிப்பையும் அதற்கு வெளியே வைத்தார்கள்.

இரண்டாவது மறுப்பு வீடுகளிலிருந்து வருவது: "மார்ஃபின் கொடுத்துட்டாங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்." இந்த நம்பிக்கைக்கும் மருத்துவமனையே காரணம். கடைசி இரண்டு நாளில் மட்டும் கொடுத்தால், பார்க்கிறவர்களுக்கு மருந்தும் சாவும் சேர்ந்தே வருவதாகத்தான் தோன்றும். வலியில்லாத ஒருவருக்குத் திடீரென்று பெரிய அளவு கொடுத்தால் மூச்சு அடங்கும், உண்மை. சிறிதாகத் தொடங்கி ஏற்றும்போது, மூச்சு குறைவதற்கு முன்பே அளவு மீறிய தூக்கம் வந்து எச்சரிக்கும். செவிலியர் அதைப் பார்த்து அடுத்த வேளையை நிறுத்தலாம். கடைசி நாள்களில் மார்ஃபின் அளவு ஏற்றியவர்கள் அதனால் சீக்கிரம் இறந்தார்களா என்று பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. 2010இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் தொடக்கத்திலிருந்தே நோய்த் தணிப்புக் குழுவின் கவனிப்பைப் பெற்றவர்கள் இடைநிலையில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். இதை மார்ஃபினின் வெற்றி என்று நான் எழுதிவிட மாட்டேன், அந்தக் கவனிப்பில் பேச்சும் ஆலோசனையும் உணவும் எல்லாம் சேர்ந்தவை. ஆனால் வலியைக் கவனித்தால் ஆயுள் குறையும் என்ற கூற்றுக்கு அது இடம் தரவில்லை.

மூன்றாவது, வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தெருவுக்குப் போய்விடும் என்பது. இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் கோழிக்கோட்டில் வலி, நோய்த் தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே இரண்டு ஆண்டுகளில் 1,723 புறநோயாளிகளுக்கு மார்ஃபின் மாத்திரை வீட்டுக்கே கொடுத்தனுப்பப்பட்டது. திசைமாறிப் போனதாகவோ போதைக்குப் பயன்பட்டதாகவோ ஒரு நிகழ்வையும் காணவில்லை என்று 2001இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 2008இல் கேரள அரசு இதையே மாநிலக் கொள்கையாக்கி உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் விட்டது. உகாண்டா இன்னும் ஒரு படி போனது. மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கலக்கி, வீரியத்துக்கு ஏற்ப நிறம் சேர்த்துப் புட்டியில் கொடுக்கிறார்கள். மருத்துவர் போதாத நாடு என்பதால், பயிற்சி பெற்ற செவிலியரே அதை எழுதித் தர 2004இல் அனுமதித்தார்கள். பணக்கார நாட்டுக்குத்தான் இது கட்டுப்படியாகும் என்ற பேச்சு அங்கே அடிபட்டுப் போயிற்று.

எல்லா வலிக்கும் மார்ஃபின் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பைக் கட்டி அழுத்தும்போது வருகிற எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்றவை துணைக்கு வேண்டும். எலும்பில் பரவிய ஓரிடத்து வலிக்கு 8 கிரே அளவில் ஒரே ஒருமுறை கதிர்வீச்சு பல சமயம் மாத்திரையைவிட மேல். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், கடன், பயம், மனத்தாங்கல் எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் மொத்த வலி என்று சொல்லிக்கொடுத்தார். சொன்னவர், நோயாளிகளுக்கு ஓபியாய்டையும் வேளை தவறாமல் கொடுத்தார். இன்று சில தனியார் மருத்துவமனைகளில் மாத்திரையைத் தாண்டி நேரே ஃபென்டனில் ஒட்டுப்பட்டைக்குப் போகிறார்கள். விழுங்க முடியாதவருக்கு அது நல்ல மருந்துதான். விழுங்க முடிகிறவருக்குப் பல மடங்கு விலையில் ஏன் என்பதை அந்த மருத்துவமனைகள்தான் விளக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகிற ஊழியர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு நோய்த் தணிப்புப் பராமரிப்பையும் கொண்டுபோகிறார்கள். கட்டிலில் கிடப்பவரின் வலியைக் கண்ணால் பார்க்கும் ஆள் இப்போது தெருவரைக்கும் இருக்கிறார் என்பது சாதாரண விஷயமல்ல, பல மாநிலங்களில் அவர் இல்லை. அவர் பார்த்ததை எங்கே எழுதுவது என்பதுதான் கேள்வி. சர்க்கரை அளவுக்குப் பத்தி இருக்கிறது, வலிக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண் எழுதப் பத்தி வேண்டும். அந்த எண் நான்கைத் தாண்டினால் தாலுகா மருத்துவமனை மருத்துவர் அதைப் பார்த்ததாகக் கையெழுத்திட வேண்டும். அதற்கு அந்த மருத்துவமனை அங்கீகாரம் பெற்றதாகவும், அங்கே பயிற்சி பெற்ற ஒரு மருத்துவராவது இருப்பதாகவும் இருக்க வேண்டும். இதை மருத்துவமனையின் விருப்பத்துக்கு விடாமல், பிரசவ அறைக்கு வைத்திருப்பது போன்ற குறைந்தபட்சத் தகுதியாக வைக்கலாம்.

இருக்கிற படிவங்களே போதாதா, இன்னும் ஒன்றா என்று மருத்துவர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயம். புதுப் படிவம் வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் ஆண்டுதோறும் எவ்வளவு மருந்து வாங்கினோம், எவ்வளவு செலவழித்தோம் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு இப்போதே கணக்கு அனுப்புகின்றன. அதன் அடியில் மூன்று வரி சேர்த்தால் போதும். இந்த ஆண்டு கடும் வலியோடு வந்த புற்றுநோயாளிகள் எத்தனை பேர், அவர்களில் மார்ஃபின் பெற்றவர்கள் எத்தனை பேர், இருப்பு தீர்ந்து அலமாரி காலியாக இருந்த நாள்கள் எத்தனை. அங்கீகாரமே கேட்காத மருத்துவமனைகளிடமிருந்து முதல் வரியை மட்டும் வாங்கினாலும் போதும். அடுத்த வரிக்கு அவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.